அரக்கன் செத்த பிறகு மாளிகையைப் பெருக்கியது யார்?

போன மே மாதம் ஒரு மதியம். கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வளசரவாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு, தலைக்கு மேலே மொட்டைமாடி. ஜன்னல் வழியாக வருவது காற்றா அனலா என்று சொல்ல முடியாது. அக்கா மகள் டைல்ஸ் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தாள். நான் ஒரு கோட்டைக் கதையை ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் பிள்ளைகள் ஈரம் கசியும் கல் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போகும் சமயம் பார்த்து அவள் கேட்டாள்: "சித்தி, அந்தக் கோட்டைல பாத்ரூம் எங்க இருக்கு?"

சிரித்துவிட்டேன். ஆனால் பதில் இருக்கிறது. பழைய ஐரோப்பியக் கோட்டைகளில் கழிப்பறை உண்டு. மதில் சுவரிலிருந்து வெளியே பிதுங்கினாற்போல ஒரு சின்ன அறை, உள்ளே ஒரு கல் திண்ணை, திண்ணையில் ஓர் ஓட்டை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் நேராகக் கீழே, பல இடங்களில் அகழிக்குள்ளேயே விழும். இதைச் சொன்னதும், எதிரி வீரர்கள் அகழியை நீந்திக் கடந்த காட்சியை அவள் மனதுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "உவ்வே" என்றாள்.

அது குடிவரப்போகிறவர் கேட்கும் கேள்வி. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நாமும் அதைத்தானே முதலில் கேட்கிறோம்? இதே பெண்ணுக்கு, ஏழு கடல் ஏழு மலை தாண்டி இருக்கும் அரக்கன் மாளிகைக் கதையைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அங்கே பாத்ரூம் எங்கே என்று அவள் கேட்டதே இல்லை. சின்ன வயதில் நானும் என் பாட்டியிடம் கேட்டதில்லை. அந்த மாளிகையில் யாரும் குடியிருக்கப் போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கிறது.

மாயக்கோட்டையில் நடக்கும் சிறுவர் நாவல் என்று ஆங்கிலத்தில் ஒரு தனி வகையே இருக்கிறது. மந்திரக்கோல், டிராகன் எல்லாம் அதில் மேல்பூச்சு. அடியில் இருப்பது வீட்டைப் பற்றிய கதை. பெரிய, பழைய, யாருக்கும் முழுசாகத் தெரியாத ஒரு கட்டடம். அதற்கென்று ஒரு சுபாவம். அங்கே வந்து சேரும் பிள்ளைகள் அந்தச் சுபாவத்தோடு பழகக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும், எந்தப் படி ஏமாற்றும், யாரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று. 1997-ல் வந்து உலகத்தையே பிடித்து ஆட்டிய 'ஹாரி பாட்டர்' என்ற அந்த மந்திரப் பள்ளிக்கூடக் கதையில், ஜே.கே. ரௌலிங் கோட்டைக்கு 142 படிக்கட்டுகள் வைத்தார். சில படிக்கட்டுகள் வெள்ளிக்கிழமை மட்டும் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். சில கதவுகள் தயவாகக் கேட்டால்தான் திறக்கும். முதல் பதிப்பில் கெட்டி அட்டைப் பிரதிகள் அச்சடித்தது 500 மட்டும். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். தமிழிலும் பி.எஸ்.வி. குமாரசாமி மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது.

அதற்குத் தொண்ணூறு வருடம் முந்தையது ஈ. நெஸ்பிட் 1907-ல் எழுதிய மந்திரக் கோட்டைக் கதை. எனக்கு அதுதான் உசத்தி. விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாமல் பள்ளியிலேயே தங்கிவிட்ட மூன்று பிள்ளைகள், ஒரு குகை வழியாகப் புகுந்து பெரிய தோட்டமும் கோட்டையும் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே ஓர் இளவரசி தூங்குகிறாள். எழுப்புகிறார்கள். அவள் இளவரசியே இல்லை, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் அண்ணன் மகளோ தங்கை மகளோதான், சும்மா வேஷம் போட்டுக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிகிறது. ஆனால் அவள் விளையாட்டுக்குப் போட்டுக்கொண்ட மோதிரம் நிஜமாகவே மந்திர மோதிரம். நீ அதை என்னவென்று சொல்கிறாயோ அதுவாகவே இருக்கும். பிள்ளைகள் ஒரு நாடகம் போடுகிறார்கள். பார்க்க ஆள் போதவில்லை. பழைய கோட்டு, தொப்பி, குடை, குச்சி, வண்ணம் தீட்டிய காகித முகம் இதையெல்லாம் வைத்து நாற்காலிகளில் சில 'ஆட்களை' உட்கார வைக்கிறார்கள். நாடகம் நடக்கிறது. கைதட்டல் கேட்கிறது. கைக்குட்டை அடைத்த கையுறைகள் தட்டுகின்றன.

அப்புறம் நடப்பதுதான் உச்சம். அந்தக் கோட்டு ஆசாமிகளில் ஒருவர் எழுந்து வந்து ரொம்ப மரியாதையாக ஏதோ கேட்கிறார். வாய்க்குள் அண்ணம் இல்லாததால் மெய்யெழுத்து பெரும்பாலும் வருவதில்லை, வெறும் ஆ, ஓ, ஊ என்றுதான் கேட்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டபிறகே புரிகிறது: நல்ல ஹோட்டல் ஒன்று சொல்ல முடியுமா என்கிறார்! இதைத் தமிழில் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மெய் இல்லாத ஆளுக்கு மெய்யெழுத்து வராது, உயிரெழுத்து மட்டும்தான் வரும். ஆங்கிலத்தில் எழுதிய அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு பொருத்தம் இன்னொரு மொழியில் காத்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கதையில் கோட்டை பயமுறுத்துகிறது, சிரிக்க வைக்கிறது, பசிக்கச் செய்கிறது. ஆனால் அதை யாரும் ஜெயிக்கப் போவதில்லை.

நம் கதைக்கு வருவோம். ராஜகுமாரன் புறப்படுகிறான். காடு, மலை, கடல். நட்டநடுவில் ஒரு மாளிகை. உள்ளே பொற்கட்டிலில் ஒரு பெண், அல்லது ஒரு கிழவி. ஒரு நிபந்தனை: மூன்று திசைக்கும் போகலாம், நாலாவது திசைக்குப் போகக்கூடாது. போவான். போகாவிட்டால் கதை ஏது? அரக்கனின் உயிர் ஒரு கிளிக்குள் இருக்கிறது. கிளியின் கழுத்தைத் திருகினால் அரக்கன் விழுவான். அரக்கன் விழுந்தால் கதை முடிந்தது. ராஜகுமாரன் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவான், கல்யாணம் அங்கேதான். அந்த மாளிகை என்ன ஆச்சு? அதைப் பூட்டினார்களா, பெருக்கினார்களா, அந்த நாலாவது திசையில் இருந்த அறையில் பிறகு யாராவது தூங்கினார்களா? எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. நம் கதையில் மாய மாளிகை போய்விட்டுத் திரும்புகிற இடம். பரிட்சை ஹால் மாதிரி. பரிட்சை ஹாலில் யாராவது குடித்தனம் நடத்துவார்களா?

டயானா வின் ஜோன்ஸ் 1986-ல் எழுதிய நகரும் கோட்டைக் கதையில் நடப்பது நேர் எதிர். அந்தக் கோட்டை ஒரு மந்திரவாதியுடையது. பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊரெல்லாம் பேச்சு. அதாவது நம் அரக்கன். சாபத்தால் கிழவியாக மாறிவிட்ட சோஃபி என்ற பெண் அங்கே போய்ச் சேர்கிறாள். போனதும் என்ன செய்கிறாள்? துடைப்பத்தை எடுக்கிறாள். ஒட்டடை அடிக்கிறாள், தரையைத் தேய்க்கிறாள், யார் தடுத்தும் நிற்பதில்லை. கணப்பில் எரியும் நெருப்புதான் கோட்டையை நகர்த்தும் பூதம். அதன் தலையிலேயே வாணலியை வைத்து பேக்கன் வறுக்கிறார்கள். வாசல் கதவின் பிடியில் நான்கு நிறம், எந்த நிறம் கீழே வருகிறதோ அந்த ஊரில் கதவு திறக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, நகரும் கோட்டை என்று ஒரு கதை எழுதுங்களேன் என்று ஒரு பையன் கேட்டானாம். அதிலிருந்து பிறந்த கதை என்று அவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 2004-ல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி அதைப் படமாக எடுத்தார். நம் கிளி கதையை விட்ட இடத்திலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஏன் இப்படிப் பிரிந்தது? கற்பனைப் பஞ்சம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் கட்டடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் 1640களில் உள்நாட்டுப் போர். ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த சண்டையில் பல கோட்டைகளை, இனி எவனும் உள்ளே ஒளிந்து சண்டை போடக்கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டார்கள். கோர்ஃப் கோட்டை 1646-ல் அப்படிச் சிதைந்தது, இன்றும் பாதிச் சுவரோடு குன்றின் மேல் நிற்கிறது. சரியாக அதே 1640களில், அதே இங்கிலாந்துக்காரர்கள் இங்கே மதராஸ் கடற்கரை மணலில் ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கோட்டைக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. இங்கே வேலைக்குச் சேர்த்தார்கள்.

ஓய்வு பெற்ற கோட்டையில் கொடி படரும், ஆந்தை குடியேறும். பயம் போய், பார்த்தால் ஒரு மாதிரி அழகாகத் தோன்றும். நூறு வருடம் கழித்து ஹோரஸ் வால்போல் என்ற பெரிய இடத்துப் பிள்ளை, லண்டனுக்கு அருகே தன் வீட்டைப் பழங்கோட்டை போல மாற்றிக் கட்ட ஆரம்பித்தார். கூரையின் கல் வேலைப்பாடு போலத் தெரிவது சில இடங்களில் காகிதக் கூழ்! அந்தப் பொய்க்கோட்டையில் தூங்கும்போது, மாடிப்படியின் கைப்பிடி மேல் கவசம் போட்ட ஒரு ராட்சசக் கை இருப்பதாகக் கனவு கண்டார். எழுந்து உட்கார்ந்து ஒரு நாவலை எழுதினார். 1764-ல் வந்தது. வானத்திலிருந்து மலை அளவு தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளையை நசுக்குவதோடு அது தொடங்கும். ஆங்கிலத்தில் கோட்டைக்கென்று ஓர் ஆவி வந்தது அதிலிருந்துதான். பிள்ளைகளுக்கு எழுதியதில்லை, ஆனால் பிள்ளைகளின் கோட்டைக் கதைகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அவர் காகிதக் கூழில் கூரை செய்துகொண்டிருந்த காலத்தில் நம் கோட்டையில் என்ன நடந்தது தெரியுமா? 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை, லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டு நிஜக் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. போன பிறகு மதிலை இன்னும் கெட்டியாகக் கட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கோட்டை ஓய்வு பெறவில்லை. சட்டமன்றம் அங்கே, தலைமைச் செயலகம் அங்கே. 'ஃபைல் கோட்டைக்குப் போயிருக்கு' என்று சென்னையில் யாராவது சொன்னால் அது மாயக்கதை இல்லை. (அந்த ஃபைல் திரும்பி வருவதுதான் மாயம்.) கோட்டையைப் பிடிப்பது என்றால் தேர்தலில் ஜெயிப்பது. கோட்டை விட்டான் என்றால் கைக்கு வந்ததைத் தவறவிட்டான். மனக்கோட்டை கட்டுகிறவனை யாரும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆள்கிறவர்கள் இன்னும் உள்ளே இருக்கிற ஒரு கட்டடத்தில், பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆட எப்படித் துணியும்?

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தெரியும். ஆங்கிலத்தில் காஸில் என்பது ஒரு பிரபு குடும்பத்தோடு வசித்த, மதில் போட்ட வீடு. நம் கோட்டை என்பது ஊரையே வளைத்த மதில், செஞ்சி போல, வேலூர் போல. உள்ளே கோயில் இருக்கும், குளம் இருக்கும், தெரு இருக்கும். வீடு என்ற எண்ணம் வராது. அப்படியானால் அரண்மனை? பிரித்துப் பாருங்கள்: அரண், மனை. காப்பும் வீடும் ஒரே சொல்லில். காஸிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. ஆனால் வழக்கில் அந்தச் சொல் எங்கோ போய்விட்டது. என் தலைமுறைக்கு அரண்மனை என்றால் தங்கத் தூணும் சாமரமும். அக்கா மகள் தலைமுறைக்கு அது பேய்ப்படம். 2014-ல் தொடங்கி 2024-க்குள் நாலு பாகம் வந்துவிட்டது. அதில் முதல் படத்தில் குடும்பம் அரண்மனைக்கு வருவதே அதை விற்பதற்குத்தான்! ஊர்ச் சொத்தை விற்று அப்பார்ட்மெண்ட் வாங்கிய சென்னைவாசிகள் எல்லோரும் கொஞ்சம் நெளிந்துதான் பார்த்திருப்பார்கள்.

மற்ற சொற்களும் இப்படித்தான் படுத்தும். டவர் என்பதைக் கோபுரம் என்று எழுதினால், அக்கா மகள் மனதில் கபாலி கோயில் கோபுரம் சுதைப் பொம்மைகளோடு எழுந்து நிற்கிறது. தூக்குப்பாலம் என்றால் பாம்பன். கணப்பு என்ற சொல்லை விளக்க, வீட்டுக்குள் நெருப்பு மூட்டி அதன் பக்கத்தில் போய் உட்காருவார்கள் என்று சொன்னேன். மே மாதத்தில். என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள்.

ரகசிய அறைக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. புத்தக அலமாரியைத் தள்ளினால் பின்னால் ஓர் அறை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் சரித்திரம் விளையாட்டில்லை. முதலாம் எலிசபெத் காலத்தில், 1585-ல் வந்த சட்டப்படி கத்தோலிக்கப் பாதிரியார் இங்கிலாந்தில் இருப்பதே ராஜத்துரோகம். அவர்களை ஒளித்து வைக்கப் பெரிய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில், கணப்புக்குப் பின்னால், கழிப்பறைக் குழாய்க்குப் பக்கத்தில் பொந்துகள் கட்டினார்கள். நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர் இதில் மன்னர். ராத்திரியில் தனியாகவே வேலை செய்வார், யாருக்கும் தெரியக்கூடாது என்று. 1606-ல் பிடித்து லண்டன் டவரில் சித்திரவதை செய்தார்கள். ஓர் அறையைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் செத்தார். ஆங்கிலக் கதைகளில் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு ரகசிய அறையிலும் அந்த மனிதரின் உளிச்சத்தம் கொஞ்சம் இருக்கிறது.

பெற்றோர் எங்கே போனார்கள் என்பது இன்னொரு விஷயம். இந்தக் கதைகளில் அப்பா அம்மா இருந்தால் கதை நகராது. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் பிள்ளைகளை லட்சக்கணக்கில் ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரிய பழைய வீடு, தெரியாத மனிதர்கள், மழை, திறந்து பார்க்க நிறைய கதவுகள். 1950-ல் சி.எஸ். லூயிஸ் எழுதிய கதையில் நான்கு பிள்ளைகள் அப்படித்தான் ஒரு புரொஃபசர் வீட்டுக்கு வருகிறார்கள். அலமாரிக்குள் புகுந்து பனிக்காட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு சிங்கம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

மதராஸுக்கும் அது நடந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானது. அரசு அலுவலகங்கள் பலவும் வெளியூருக்கு மாறின. மிருகக்காட்சிச் சாலை அப்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சிங்கம், புலி, சிறுத்தைகளைச் சுட்டுக் கொன்றார்கள். லண்டன் பிள்ளைகளுக்கு அலமாரிக்குள் ஒரு சிங்கம் கிடைத்தது. இங்கே சிங்கத்தைச் சுட்டதோடு சரி, கதையை யாரும் எழுதவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளும் எங்கோ போய்த் தங்கியிருப்பார்கள் இல்லையா? திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, ஆள் நின்றால் தலை தெரியாத நெல் குதிர், ஏணி எடுத்துவிட்டால் இறங்க முடியாத பரண், பகலிலேயே விளக்கு வேண்டிய ஓர் உள்ளறை. கோட்டை நாவலுக்கு வேண்டிய எல்லாமே அந்த வீட்டில் இருந்தது. கணப்பு மட்டும்தான் இல்லை. அடுப்படி இருந்தது, அது போதுமே.

நமக்குக் கோட்டையின் உருவம் வந்த வழி வேறு. அது வடபழனி சினிமா ஸ்டூடியோ வழியாக வந்தது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் அம்புலிமாமாவைத் தொடங்கினார்கள். அதே இரண்டு பேர்தான் 1951-ல் 'பாதாள பைரவி'யையும் 1957-ல் 'மாயா பஜா'ரையும் எடுத்தவர்கள். அதாவது ஒரு தமிழ்ப் பிள்ளை படுத்துக்கொண்டு படித்த மாளிகையும், டென்ட் கொட்டகையில் பார்த்த மாளிகையும் ஒரே பட்டறைச் சரக்கு. இரண்டு படத்துக்கும் செட் போட்டவர்கள் கோகலேயும் கலாதரும். பிளைவுட், சாக்குத் துணி, பிளாஸ்டர், அதற்கு மேல் தங்கப் பெயிண்ட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐரோப்பாவிலும் அதேதான். உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் கோட்டை என்றதும் வரைகிற அந்த ஒல்லியான வெள்ளைக் கோபுரங்கள் நடுக்காலத்தவை அல்ல. பவேரியாவின் ராஜா இரண்டாம் லூத்விக் 1869-ல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைனின் சாயல் அவை. அதற்குப் படம் வரைந்து கொடுத்த கிறிஸ்டியான் யாங்க் நாடக மேடைக்குத் திரை வரைபவர். 1955-ல் டிஸ்னி தன் பூங்காவில் வைத்த கோட்டை அதைப் பார்த்து வந்தது. ஆக, அங்கேயும் செட்டுதான். ஒன்று கல்லில் போட்ட செட், அவ்வளவு வித்தியாசம்.

'மாயா பஜா'ரை இப்போது மறுபடி பார்த்தபோது ஒன்று கவனித்தேன். கடோத்கஜனின் ஆட்கள் கௌரவர்களுக்காகப் போட்ட மாய விடுதியில், கம்பளம் தானே சுருண்டுகொள்ளும், கட்டில் படுத்தவரைத் தள்ளிவிடும். வீட்டுக்கே புத்தி வந்து, வந்தவர் யோக்கியதையைப் பார்த்து நடந்துகொள்கிறது. இது புதுசும் இல்லை. மயன் கட்டிய சபையில் தரையைத் தண்ணீர் என்று நினைத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, தண்ணீரைத் தரை என்று நினைத்து விழுந்தானே துரியோதனன்? விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் முப்பத்திரண்டு பதுமைகளும் போஜராஜனை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, உனக்கு இதில் உட்கார என்ன தகுதி என்று கேட்டுக் கதை சொல்கின்றனவே? ஆளைப் பார்த்து நடக்கும் கட்டடம் நமக்குப் பழகியதுதான். ராஜாக்களைத்தான் அது சோதித்தது. பிள்ளைகளை உள்ளே விடவில்லை.

ஒரே ஓர் இடம் மட்டும் எனக்குச் சந்தேகம் கொடுக்கிறது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையின் கடைசியில் மதுரைக் கோட்டையின் பொறிகள் வரிசையாக வரும். தானே வளைந்து அம்பு விடும் வில், கரிய விரல்களோடு பாய்ந்து கடிக்கும் குரங்குப் பொறி, கல் உமிழும் கவண், காய்ச்சிய எண்ணெய், மதிலைப் பிடிப்பவன் கையைக் குத்தும் ஊசி, பறந்து போய்த் தாக்கும் மீன்கொத்திப் பொறி, பன்றிப் பொறி. எந்த மாயக்கோட்டை நாவலாசிரியரும் பொறாமைப்படும் பட்டியல். இதில் விசேஷம், இந்த இடத்தில் சண்டையே கிடையாது. மாதரி என்ற இடைச்சி, கவுந்தியடிகள் ஒப்படைத்த கண்ணகியை அழைத்துக்கொண்டு சாயங்காலம் மாட்டோடு மாடாக அந்த வாயிலைக் கடந்து தன் வீட்டுக்குப் போகிறாள். அத்தனை பொறிகளும் அந்த இரண்டு பெண்கள் போகிற வழியில் பக்கவாட்டில் வந்து போகின்றன. வாயிலைத் தாண்டித் தன் மனைக்குள் புகுந்தாள் என்று அந்த நீண்ட வாக்கியம் முடியும். அரணும் வந்தாகிவிட்டது, மனையும் வந்தாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணின் வழியில் இருக்கும் கோட்டை! அதற்குப் பிறகு மதுரைக்கு என்ன ஆனது என்பது வேறு கதை, அதைப் பிள்ளைகளுக்குப் படுக்கும் நேரத்தில் சொல்ல முடியாது.

சென்னையிலேயே ஓய்வு பெற்ற காஸில்கள் சில உண்டு. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் அந்த வட்டக் கட்டடம், 1842-ல் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேமிக்கக் கட்டியது. ஐஸ் வியாபாரம் படுத்ததும் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கி, கெர்னன் என்ற நீதிபதியின் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று பெயர் வைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அந்தக் கோட்டையில்தான். அதற்கும் பழையது அடையாற்றின் கரையில், கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. கம்பெனி உத்தியோகஸ்தர் ஜேம்ஸ் பிராடி 1796-ல் கட்டிய பிராடி காஸில். ஆசையாகக் கட்டினவர், பிறகு அதே ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். பேய்ப்படத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே இப்போது இருப்பது இசைப் பல்கலைக்கழகம்.

ஜூன் முதல் வாரம், அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஆட்டோவில் கூட்டிப்போனேன். உள்ளே போகவில்லை, சாலையில் ஓரமாக நின்றோம். இது காஸிலா, பார்த்தால் காலேஜ் மாதிரி இருக்கே என்றாள். ரெண்டும்தான் என்றேன். கோட்டைக்குள்ளேயே ஸ்கூல் வைத்த கதை ஞாபகம் வந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உள்ள தூங்கவும் செய்வாங்களா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி அவளே ஒரு கோட்டை வரைந்தாள். என் பழைய காலண்டரின் பின்பக்கத்தில், ஸ்கெட்ச் பென்னால். அகழி இருந்தது, ஆனால் மீன் வளர்க்க. கோபுரத்தின் உச்சியில் சிண்டெக்ஸ் டேங்க். 'லிஃப்ட் (வேலை செய்யாது)' என்று ஒரு கட்டம். அடுப்படிக்குப் பக்கத்தில் 'சித்தி ரூம்'. பாத்ரூம் மட்டும் மூன்று. நிலவறையில் அரக்கனையோ புதையலையோ தேடினேன். அங்கே ஒரு பெட்டி வரைந்து இன்வெர்ட்டர் என்று எழுதியிருந்தாள்.